குப்பைத் தபாலும் கடைசி வீடும்

ஒரு கவரின் மேல் 600057 என்று இருந்தால் அது எண்ணூருக்குப் போகிற தபால். அந்த எண்ணூரின் வடக்குக் கோடியில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். பெயரிலேயே இடம் இருக்கிறது. கிழக்கே வங்கக்கடல், வடக்கே கழிமுகம். அதற்கு அந்தப் பக்கம், 2001-ல் திறக்கப்பட்டு 2014 முதல் காமராஜர் துறைமுகம் என்று அழைக்கப்படும் எண்ணூர்த் துறைமுகம். குப்பத்திலிருந்து நேரே வடக்கே போக வேண்டுமென்றால் படகில்தான் போக வேண்டும். தபால்காரரின் சைக்கிள் திரும்ப வேண்டிய இடம் அது.

இந்தக் கட்டுரையின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைசி வீடு வரைக்கும் தபால்காரர் போவதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

"இது என்ன கேள்வி? ஸ்டாம்ப் ஒட்டுகிறவர்தான்" என்று சட்டென்று சொல்லத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அது சரிவராது. 50 பைசா போஸ்ட் கார்டு ஒன்றைக் கையாள ஆகும் செலவு அதைப் போலப் பல மடங்கு என்று தபால் துறையின் ஆண்டறிக்கைகளே சொல்லி வந்திருக்கின்றன. மிச்சக் காசை வேறு யாரோ தருகிறார்கள். பல பணக்கார நாடுகளில் அந்த வேறு யாரோ, எல்லோரும் திட்டித் தீர்க்கிற ஜங்க் மெயில். அதாவது, கேட்காமலே வீட்டுக்கு வந்து விழும் விளம்பரக் குப்பைத் தபால்! நம் ஊரில் அது யார்? அதைத் தெரிந்துகொள்ள கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

காசு கொடுப்பவர் மாறிய கதை

சென்னையில் பொதுமக்களுக்கான தபால் சேவை 1786 ஜூன் 1-ந் தேதி புனித ஜார்ஜ் கோட்டையில் ஆரம்பமானது. அப்போது கவர்னராக இருந்தவர் சர் ஆர்ச்சிபால்டு கேம்பல். அந்தக் காலத்தில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. தூரம் கூடக் கூடக் காசு கூடும். கம்பெனி அதிகாரிகளும் பெரிய வியாபாரிகளும்தான் தபால் எழுதினார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. முன்கூட்டியே காசு கட்டாமல் கடிதம் அனுப்பலாம். வாங்குகிறவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாமென்றால் "எனக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிடலாம். யோசித்துப் பாருங்கள், இந்த முறையில் குப்பைத் தபால் என்று ஒன்று இருக்கவே முடியாது. யார் காசு கொடுத்து விளம்பரத்தை வாங்குவார்கள்?

இதை மாற்றியவர் இங்கிலாந்தின் ரோலண்ட் ஹில். கடிதத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சுமந்து போக ஆகும் செலவு மிகவும் குறைவு, இரண்டு முனையிலும் அதை வாங்கவும் பிரிக்கவும் கொடுக்கவும்தான் செலவு ஆகிறது என்று 1837-ல் ஒரு சிறு நூலில் அவர் எடுத்துச் சொன்னார். ஆகவே தூரக் கணக்கை விட்டுவிட்டு எடைக்குக் காசு வாங்குங்கள், அதையும் அனுப்புகிறவரிடம் முன்கூட்டியே வாங்குங்கள் என்றார். 1840-ல் அங்கே பென்னி தபால் வந்தது.

இந்தியாவில் அதே யோசனை டல்ஹௌசி காலத்தில், 1854 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா. சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கும் அரை அணா, பெஷாவருக்கும் அரை அணா! ஸ்டாம்ப் ஒட்டாமல் போட்டால் வாங்குகிறவரிடம் இரு மடங்கு வசூல். இரண்டு வருடத்தில், 1856 ஜூலையில், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓட ஆரம்பித்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை அது. 1884-ல் ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்த சிவப்புக் கட்டடத்தில், இன்றைய ராஜாஜி சாலையில், தலைமைத் தபால் நிலையம் குடியேறியது. துறைமுகம், ரயில் நிலையம், தபால் நிலையம் எல்லாம் வடசென்னையில் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, அனுப்புகிறவர் காசு கொடுக்கும் முறை வந்த அன்றே குப்பைத் தபாலுக்குக் கதவு திறந்துவிட்டது என்பதுதான். வாங்குகிறவருக்குச் செலவு இல்லை என்பதால் அவர் சம்மதமும் தேவையில்லை. 1864-ல் லண்டனில் பல் வைத்தியர்கள் சிலர் பிரமுகர்களின் வீடுகளுக்கு விளம்பரத் தந்தி அனுப்பினார்கள். தந்தி என்றால் கெட்ட சேதியோ என்று பதறி எழுந்து பிரித்தால், உள்ளே பல் வைத்திய விளம்பரம்! கோபப்பட்டு 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதினார்கள். இன்றைய ஸ்பாம் மெயிலின் கொள்ளுத்தாத்தா என்று இதைச் சொல்வார்கள்.

காலணா கார்டும் இலவசப் புத்தகமும்

1877-ல் வி.பி.பி. வந்தது. பொருளைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவருவார், காசை அவரிடமே கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். இன்றைய கேஷ் ஆன் டெலிவரிதான், பெயர்தான் வேறு. 1879 ஜூலை 1-ந் தேதி காலணா போஸ்ட் கார்டு வந்தது. 1880-ல் மணியார்டர், 1882-ல் தபால் சேமிப்பு வங்கி. ஐந்தே வருடத்தில் தபால்காரர் கடிதம் கொண்டுவருபவர் என்ற நிலையிலிருந்து கடை, வங்கி எல்லாமாக ஆகிவிட்டார்.

வியாபாரிகள் இதைச் சும்மா விடுவார்களா? பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டினால் விளம்பரப் பக்கங்களில் பாதி வி.பி.பி. சமாச்சாரம்தான். கைக்கடிகாரம், நாவல், தாது புஷ்டி லேகியம், எல்லாம் "ஒரு கார்டு எழுதினால் போதும்". ஜாம்நகரில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனி, கேட்டவர்களுக்கெல்லாம் புத்தகம் இலவசம், தபால் செலவும் இல்லை என்று விளம்பரம் செய்தது. இலவசமாக ஏன் கொடுக்க வேண்டும்? கார்டு எழுதுகிறவர் தன் பெயரையும் ஊரையும் தானே எழுதிக் கொடுக்கிறார் அல்லவா, அதற்காகத்தான். முகவரிப் பட்டியல் என்பது ஒரு சொத்து என்று அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் 1954-ல் இந்தியப் பதிப்பு தொடங்கிய ரீடர்ஸ் டைஜஸ்ட், வீட்டு முகவரிக்கு வரும் பரிசுப் போட்டிக் கவர்களால் நடுத்தரக் குடும்பங்களில் பிரபலமானது. நமக்குத் தெரிந்த முதல் ஒழுங்கான குப்பைத் தபால் அது என்று சொல்லலாம். (பத்திரிகை நல்ல பத்திரிகைதான், அது வேறு விஷயம்.)

மருந்து விளம்பரங்கள் எல்லை மீறிப் போனதால் 1954-ல் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் விளம்பரச் சட்டம் வந்தது. அதில் விளம்பரம் என்பதற்கான விளக்கத்தில் சுற்றறிக்கையையும் லேபிளையும் உறையையும்கூடச் சேர்த்தார்கள். பத்திரிகைக்குச் சமமாகக் கவரும் வேலை செய்தது என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் தமிழ்நாட்டின் சொந்தக் குப்பைத் தபால் கம்பெனி அனுப்பியதில்லை. அது சங்கிலிக் கடிதம். "இந்தக் கார்டு கிடைத்தவுடன் இதே போல் 21 பேருக்கு எழுதிப் போடவும். போட்டவருக்கு லட்ச ரூபாய் கிடைத்தது. கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார்" என்கிற ரகம். ஒரு முறை திருப்பதி பெருமாள், இன்னொரு முறை சந்தோஷி மாதா, வேறொரு முறை வேளாங்கண்ணி மாதா. சாமி மாறும், மிரட்டல் மாறாது. இதில் வேடிக்கை என்னவென்றால், கார்டு வாங்கும் காசும் எழுதும் கூலியும் பயந்தவருடையது. அதனால் தபால் துறைக்கு நஷ்டம் என்று சொல்ல முடியாது என்று நினைக்கத் தோன்றும். கார்டுக்குக் கிடைக்கும் காசைவிடக் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு அதிகம் என்பதால், உண்மையில் நஷ்டம்தான்!

அமெரிக்காவில் நடந்தது என்ன?

இப்போது அமெரிக்காவைப் பார்ப்போம். 1872-ல் ஆரோன் மாண்ட்கோமரி வார்டு என்பவர் ஒரே ஒரு தாளில் பொருட்களின் விலைப் பட்டியலை அச்சடித்து விவசாயிகளுக்கு அனுப்பினார். அப்போது கிராமத்து விவசாயிக்குத் தபால் வீட்டுக்கு வராது, அவரே தபால் நிலையத்துக்குப் போய் வாங்க வேண்டும். 1896-ல் கிராமங்களுக்கு இலவச வீட்டு விநியோகம் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தது. 1913-ல் பார்சல் தபால் வந்தது. தடிமனான கேட்டலாக்குகள் பண்ணை வீடு வரை போயின. 1963-ல் ஜிப் கோடு வந்தது. கடிதத்தைச் சீக்கிரம் பிரிக்க வந்த எண்தான் அது. ஆனால் எந்த எண்ணில் பணக்காரர் இருக்கிறார், எதில் குழந்தைகள் உள்ள குடும்பம் அதிகம் என்று விளம்பரக்காரர்கள் பிரித்துப் பார்க்க அதுவே கருவியானது.

2006-ல் அமெரிக்கத் தபால் துறை கையாண்ட மொத்தத் தபால் சுமார் 21,300 கோடி. அதுதான் உச்சம். அதன்பின் இறக்கம். 2023-ல் சாதாரணக் கடித வகுப்பில் சுமார் 4,600 கோடி, விளம்பர வகுப்பில் சுமார் 5,900 கோடி. அதாவது வீட்டு வாசல் பெட்டியில் விழுவதில் கடிதத்தைவிட விளம்பரம் அதிகம். ஒரு விளம்பரத்துக்குக் கட்டணம் குறைவு. ஆனால் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் கொடுப்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக நடக்கும் செலவு இல்லை. மக்கள் அதைப் பிரிக்காமலே குப்பைத்தொட்டியில் போடுகிறார்கள். ஆனால் அதே பெட்டிக்கு வரும் பாட்டியின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஆஸ்பத்திரி பில்லுக்கும் ஆகும் நடைச் செலவில் ஒரு பங்கை அந்தக் குப்பைதான் கட்டுகிறது.

600057-க்கு விளம்பரம் வந்ததா?

நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. அதை உருவாக்கியவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள் என்ற குழப்பத்தைத் தீர்க்க ஆறு இலக்கம் போதுமானதாக இருந்தது. ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057.

1990-களில் தபால் துறையும் வியாபாரத்தில் இறங்கியது. மொத்தமாக அனுப்பும் கம்பெனிகளுக்கு பிசினஸ் போஸ்ட், 2002-ல் முகவரிப் பக்கத்தில் விளம்பரம் அச்சிட்டு 25 பைசாவுக்கு விற்ற மேகதூத் கார்டு, 2003-ல் பில் மெயில். அதன்பின் 2005 வாக்கில் வந்தது டைரக்ட் போஸ்ட். இதில் முகவரியே வேண்டாம். குறைந்தது 1,000 நோட்டீஸ், எந்தப் பகுதிக்கு வேண்டும் என்று சொன்னால் போதும். உள்ளூரில் 20 கிராம் வரை ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். தபால்காரர் தன் பீட்டில் வீடு வீடாகக் கொடுத்துவிடுவார். அமெரிக்காவில் தெரு முழுக்க விளம்பரம் போடும் திட்டம் 2011-ல்தான் பெரிய அளவில் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கே வந்துவிட்டது!

ஆனால் அது பெரிதாகப் பரவவில்லை. ஏன்?

முதல் காரணம், நம்மூர் வியாபாரிக்கு அதைவிட மலிவான வழிகள் இருந்தன. காலையில் வரும் செய்தித்தாளுக்குள் பிட் நோட்டீஸ் வைக்கச் சொல்லி பேப்பர் ஏஜென்ட்டிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போகலாம். சுவர் இருக்கிறது, போஸ்டர் இருக்கிறது, கேபிள் டிவியில் ஓடும் எழுத்து விளம்பரம் இருக்கிறது. தபால்காரர் எதற்கு?

இரண்டாவது காரணம் முக்கியமானது. டைரக்ட் போஸ்டில் எந்தப் பகுதி என்று தேர்ந்தெடுப்பது விளம்பரக்காரர். கார் கடன் விற்பவர் அண்ணா நகரையும் அடையாறையும்தான் தேர்ந்தெடுப்பார். முகத்துவாரக்குப்பத்தை யார் தேர்ந்தெடுப்பார்கள்? மீன்பாடு இருந்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை என்று வாழும் தெரு எந்த மார்க்கெட்டிங் பட்டியலிலும் மேலே வராது. ஆகவே குப்பைத் தபால் நன்றாக ஓடியிருந்தாலும்கூட, கடைசி வீட்டு நடைக்கு அது காசு கொடுத்திருக்காது.

அப்படியானால் குப்பத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்?

பதில் மணியார்டரில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் அது மணியார்டராகவே வந்தது. மாதா மாதம் தபால்காரர் கதவைத் தட்டி, பாட்டியின் கைநாட்டை வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பார். மணியார்டருக்கு 100 ரூபாய்க்கு 5 ரூபாய் என்ற கணக்கில் கமிஷன் உண்டு. பணக்கார நாட்டில் சோப்புக் கம்பெனி செய்த வேலையை இங்கே ஏழைக் கிழவிகளின் உதவித்தொகை செய்தது என்று சொன்னால் தப்பில்லை. அந்தப் பணம் இருந்ததால் தபால்காரருக்கு மாதம் ஒருமுறையாவது குப்பத்தின் ஒவ்வொரு சந்துக்கும் போக வேலை இருந்தது. போனதால் ஆள் தெரிந்தது. யார் வீடு மாறினார், யார் இறந்துபோனார், யார் மகள் வீட்டில் இருக்கிறார், யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது.

2010-களில் உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு மாறியது. பணம் நடுவில் தொலையாமல் போய்ச் சேர வேண்டும், கமிஷன் மிச்சமாக வேண்டும் என்று அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஆனால் தபால்காரர் சந்துக்குள் போவதற்கு இருந்த பெரிய காரணம் அத்துடன் போயிற்று.

மொத்தக் கடிதமும் குறைந்துகொண்டே வந்தது. 1990-களின் கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 1,500 கோடி தபால் கையாண்ட நாட்டில், அடுத்த பத்தே ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. 2011-ல் கம்பெனிகள் ஆண்டறிக்கையை ஈமெயிலில் அனுப்பலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. 2013 ஜூலையில் தந்தி நின்றது. தபால் துறையின் பற்றாக்குறையை மத்திய பட்ஜெட் ஈடுகட்டுகிறது. ஆக, கடைசி வீட்டுக்குக் காசு கொடுப்பவர் இப்போது வரி கட்டும் எல்லோரும்தான்.

வராத கடிதமும் வந்ததாகவே கணக்கு

"எல்லாம் போனில் வந்துவிட்டதே, தபால் வராவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். சில காகிதங்கள் வந்தே ஆக வேண்டும். நகைக்கடன் கட்டத் தவறினால் ஏலத்துக்கு முன் வரும் நோட்டீஸ். கோர்ட் நோட்டீஸ். செக் திரும்பினால் வரும் வக்கீல் நோட்டீஸ். ஏ.டி.எம். கார்டு, ஆதார், பாஸ்போர்ட்.

1897-ம் ஆண்டு பொது விதிகள் சட்டத்தின் 27-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சரியான முகவரி எழுதி, காசு கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், இல்லையென்று நிரூபிக்கும் வரை அது போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படும். 2007-ல் ஒரு காசோலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. "வீடு பூட்டியிருந்தது", "வீட்டில் இல்லை", "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதித் திரும்பி வந்த நோட்டீஸையும் சேர்ப்பிக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே உறுதி செய்யப்பட்டது. நோட்டீஸை வேண்டுமென்றே வாங்காமல் ஏமாற்றுகிறவர்களுக்கு இது சரியான மருந்து.

ஆனால் இதைக் குப்பத்தில் வைத்துப் பாருங்கள். விடியும் முன் கடலுக்குப் போனவர் மதியம் வரை திரும்பவில்லை. மனைவி கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டார். வீடு பூட்டித்தான் இருக்கும். தபால்காரர் "கதவு பூட்டியிருந்தது" என்று எழுதுவது பொய்யில்லை. தெரிந்த தபால்காரராக இருந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு மறுநாள் வருவார். ஆள் தெரியாத புதியவர் என்றால் அந்த இரண்டு வார்த்தையோடு கவர் திரும்பிப் போகும். நோட்டீஸ் வந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நகை ஏலத்துக்குப் போகும்.

இதில் முகவரிக் குழப்பம் வேறு. சென்னை முழுக்கப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள். கத்திவாக்கம் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு எர்ணாவூர் போன்ற இடங்களில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். ரேஷன் கார்டில் ஒரு முகவரி, வங்கியில் ஒரு முகவரி, படுப்பது இன்னொரு முகவரி என்பது இந்தப் பகுதியில் அதிசயமில்லை.

குப்பை போனுக்குப் போனது

காகிதத்தில் வராத குப்பை, போனில் வந்து சேர்ந்தது. எஸ்.எம்.எஸ். மலிவானதும் லோன், மனை, லாட்டரி என்று மெசேஜ்கள் கொட்டின. 2011 செப்டம்பரில் ட்ராய் அமைப்பு ஒரு சிம்முக்கு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். என்று வரம்பு கட்டி, பிறகு அதை 200 ஆக்கியது. விளம்பரம் வேண்டாம் என்பவர் 1909-ல் பதிவு செய்யலாம் என்ற ஏற்பாடு வந்தது. சங்கிலிக் கடிதம் வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்தது. "பத்துப் பேருக்கு அனுப்பு, நல்ல செய்தி வரும்" என்பதில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. 2018-ல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. அப்போது காரணம், வதந்தியால் நடந்த கொலைகள்.

இந்தப் புதிய குப்பைக்குப் பணக்காரத் தெரு, ஏழைத் தெரு என்ற பேதமில்லை. அண்ணா நகருக்கு வரும் லோன் மெசேஜ் முகத்துவாரக்குப்பத்துக்கும் வரும். ஒரே வித்தியாசம், இந்தக் குப்பை எந்தத் தபால்காரரின் சம்பளத்திலும் ஒரு பைசா சேர்ப்பதில்லை. குப்பை மட்டும் வந்தது. அதன் கூடவே வர வேண்டிய நடை வரவில்லை.

இனி என்ன?

உலகத்தில் வீட்டுத் தபால் எந்தத் திசையில் போகிறது என்பதற்குச் சில உதாரணங்கள். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2018 முதல், "வேண்டும்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்கு மட்டும்தான் முகவரியில்லாத விளம்பரம் போடலாம். காகிதம் மிச்சம், நல்லதுதான். கனடாவில் வீட்டு வாசல் விநியோகத்தை நிறுத்தித் தெருமுனைப் பொதுப் பெட்டிகளுக்கு மாற்றும்படி 2025 செப்டம்பரில் அரசு சொன்னது. டென்மார்க்கில் 1624-ல் தொடங்கிய அரசுத் தபால், 2025 டிசம்பர் 30-ந் தேதியோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. 2000-க்குப் பிறகு அங்கே கடிதங்கள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன. இனிமேல் கடிதம் எழுத விரும்புகிறவர் தனியார் கம்பெனியிடம் போக வேண்டியதுதான்.

இந்தியாவில் 1898-ம் ஆண்டுத் தபால் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதிய தபால் நிலையச் சட்டம் நிறைவேறி, 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. கடிதம் கொண்டுபோகும் தனி உரிமை அரசுக்கே என்று பழைய சட்டத்தில் இருந்தது புதியதில் இல்லை. 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டது. 2025 மே மாதம் டிஜிபின் வந்தது. நாட்டை ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம். நிலத்துக்கு மட்டுமில்லை, கடல் பரப்புக்கும் உண்டு. கதவு எண்ணே இல்லாத வீட்டுக்கும் இனி ஓர் எண் இருக்கிறது என்பது முகத்துவாரக்குப்பம் போன்ற இடங்களுக்கு உண்மையிலேயே நல்ல செய்தி.

ஆனால் கட்டம் இடத்தைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. அந்தக் கட்டத்தில் இருப்பவர் எப்போது கடலிலிருந்து திரும்புவார், நோட்டீஸை யாரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்பது போய்ப் பழகியவருக்குத்தான் தெரியும். பழக வேண்டுமென்றால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் போவதற்கு ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

அந்த வேலை என்னவாக இருக்கலாம்? 2018 செப்டம்பரில் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரர் வீட்டிலேயே பணம் எடுத்துக் கொடுக்க முடியும். உதவித்தொகை வங்கிக்குப் போனாலும் அதை எடுக்க ஏ.டி.எம். வரை நடக்க முடியாத பாட்டிக்கு இது பழைய மணியார்டர்தான். ஆன்லைன் பார்சல்கள் இருக்கின்றன. இன்னொன்று, நகை ஏல நோட்டீஸ் போன்ற காகிதங்களுக்கு "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதும் முன், மாலை நேரத்தில் ஒருமுறை கட்டாயம் போக வேண்டும் என்று விதி வைக்கலாம். கடலுக்குப் போகிற ஊருக்குக் காலை பதினொரு மணி தபால் பொருந்தாது. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

1854-ல் தூரக் கணக்கை ஒழித்தபோது சொல்லாமல் சொன்ன ஒரு கொள்கை இருந்தது. பக்கத்து ஊர்க் கடிதம் கட்டும் காசில் தூரத்து ஊர்க் கடிதமும் போகும். யாரும் "எண்ணூருக்கு ஏன் என் அரை அணா?" என்று கேட்கவில்லை. பிறகு சில நாடுகளில் சோப்பு விளம்பரமும், நம் ஊரில் முதியோர் மணியார்டரும் அந்தப் பாரத்தைச் சுமந்தன. இரண்டும் இறங்கிக்கொண்டுவிட்டன. விளம்பரக்காரர் தேடாத தெருவுக்குத் தபால் போக வேண்டுமா என்ற கேள்விக்கு, நோட்டீஸ் வந்ததாகவே வைத்துக்கொள்ளும் சட்டம் உள்ள நாட்டில் ஒரே பதில்தான் இருக்க முடியும். வந்ததாகக் கணக்கு எழுதுகிற அரசாங்கம், உண்மையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும்.